சோலார் பேனல் தன் கடனை எப்போது அடைக்கும்? வேலூர் மொட்டை மாடியிலிருந்து சில கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 550 வாட் பேனல் ஆறு நிற்கின்றன, மொத்தம் 3.3 கிலோவாட். முப்பது வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்பதால் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அது என் வாசலுக்கு வந்துவிடும். மானியம் எவ்வளவு, பில் எவ்வளவு குறையும் என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். அவர்களைவிட அதிகம் பேர் கேட்பது வேறு: பேனலைச் செய்யச் செலவான மின்சாரத்தை அது எத்தனை நாளில் திருப்பித் தருகிறது? அந்த மின்சாரத்தைத்தான் கீழே பேனலின் 'கடன்' என்கிறேன். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"ஏன் சார், இதைச் செய்றதுக்கே இது ஆயுசுக்கும் தர்ற கரண்ட்டைவிட அதிகமா ஆகுதாமே?"

இல்லை. நம் ஊர் வெயிலில் பேனல், அதன் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், ஒயர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் கடன் சுமார் ஒரு வருடத்தில் அடைந்துவிடுகிறது. எதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் நடுவில் ஆடும். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். மீதி 24 வருடம் லாபம்தான்.

ஆனால் அந்த "ஒரு வருடம்" பேனல் ஒழுங்காக ஓடினால்தான். தொழிற்சாலையில் வாங்கிய கடனைக் குறைக்க உங்களாலும் என்னாலும் ஆகாது. அடைக்கும் வேகம் மட்டும் நம் மாடியில் தீர்மானமாகிறது. கீழே வரும் பாதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான்.

"அந்தக் கடன் எங்கேதான் ஏறுது?"

பேனல் பிறப்பது வெண்கல்லிலிருந்து, அதாவது குவார்ட்ஸிலிருந்து. அதைக் கரியோடு சேர்த்து மின் உலையில் 1,900 டிகிரிக்குக் கிட்டே காய்ச்சினால் சிலிக்கான் வருகிறது. ஒரு கிலோவுக்கு 11 முதல் 13 யூனிட் மின்சாரம். இது இன்னும் அழுக்குச் சிலிக்கான், பேனலுக்கு உதவாது. அதை வாயுவாக மாற்றி, வடித்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சிவந்து நிற்கும் மெல்லிய தண்டுகள் மேல் திரும்பப் படியவிட்டுத் தூய்மையாக்குகிறார்கள். பேனலின் கடனில் பெரும் பங்கு இந்த இடத்தில்தான். கிலோவுக்கு 100 யூனிட்டைத் தாண்டி எரிந்த காலம் உண்டு. இப்போது 50-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. பிறகு 1,414 டிகிரியில் உருக்கி, ஒரே படிகமாக உருளைபோல மெதுவாக மேலே இழுக்கிறார்கள். அதற்குக் கிலோவுக்கு இன்னொரு 30 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மாடியில் உள்ள ஒரு பேனலை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தக் காலத்துப் பேனலுக்கு ஒரு வாட்டுக்கு இரண்டு கிராமும் சொச்சமும் சிலிக்கான் போகிறது. அறுக்கும்போது தூளாகும் சேதாரமும் அதில் அடக்கம். 550 வாட்டுக்கு 1.2 கிலோ. காய்ச்ச 14 யூனிட், தூய்மையாக்க 60, படிகம் இழுக்க 36. சுற்றிலும் உள்ள அலுமினியச் சட்டம் இரண்டரை கிலோ. அலுமினியம் கிலோவுக்கு 15 யூனிட் குடிக்கும், ஆக 37. கூட்டினால் 147 யூனிட். வேலூரில் இந்தப் பேனல் சராசரியாக நாளுக்கு 2.2 யூனிட் தருகிறது. 147-ஐ 2.2-ஆல் வகுத்தால் 67 நாள். பொங்கலன்று ஓட்டிவிட்டால் பங்குனி உத்திரத்தை ஒட்டி இந்தப் பகுதி தீர்ந்துவிடும்.

மீதி? 20 கிலோ கண்ணாடி, படிக உருளையை வேஃபர் என்னும் மெல்லிய வில்லைகளாக அறுப்பது, அவற்றை வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செல்லாகச் செய்வது, பின்பக்கத் தாள், செப்புக் கம்பி, கால்வனைஸ் பூசிய இரும்புச் சட்டம், இன்வெர்ட்டர். இவை எல்லாம் சேரும்போதுதான் இரண்டு மாதம் ஒரு வருடமாக நீள்கிறது.

கப்பலில் வரும் செலவை எல்லோரும் பெரிதாக நினைக்கிறார்கள். அது சில நாள் வெயிலுக்குக்கூட ஈடாகாது. கப்பல் மெதுவாகப் போனாலும் டன் கணக்குக்கு மிகச் சிக்கனமான வண்டி.

"கண்ணாடியை உருக்கறது கேஸ்ல, கப்பல் ஓடறது எண்ணெய்ல. அதை எப்படி சார் கரண்ட்டோட கூட்டறீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டது பிளஸ் டூ படிக்கும் பையன். வகுப்பில் இருந்திருந்தால் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

எல்லாவற்றையும் எரிபொருள் வெப்பமாக மாற்றித்தான் கூட்டுகிறார்கள். அனல் மின்நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. ஆகவே ஒரு யூனிட் மின்சாரம் என்றால் பின்னால் சுமார் மூன்று யூனிட் வெப்பம் எரிந்திருக்கிறது என்று பொருள். செலவுப் பக்கம் இப்படிப் பெருக்கும்போது வரவுப் பக்கமும் பெருக்க வேண்டும்: என் பேனல் தரும் ஒரு யூனிட், அனல் நிலையத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரு பக்கம் பெருக்கிவிட்டு மறுபக்கம் பெருக்காமல் விட்டால் கடன் மூன்று மடங்காகத் தெரியும். வாட்ஸப்பில் சுற்றும் பயமுறுத்தல் கணக்குகளில் நான் பார்த்தவற்றில் பாதி இந்த ஒரு தப்பில்தான் விழுந்தவை.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். அனல் மின்நிலையத்துக்கு "கடன் அடைந்த நாள்" என்று ஒன்று கிடையவே கிடையாது. ஓடும் வரை கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"அப்போ அந்தப் பேச்சு சும்மாவா கிளம்பிச்சு?"

செய்ய ஆகும் மின்சாரம் அது தருவதைவிட அதிகம் என்ற பேச்சு சும்மா கிளம்பவில்லை. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த முதல் சிலிக்கான் செல் வெயிலில் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. 1970-களின் தொடக்கம் வரை பேனல் என்பது பெரும்பாலும் செயற்கைக்கோளுக்கான பொருள். எடையும் திறனும் பார்த்தார்களே தவிர, செய்ய எவ்வளவு எரிகிறது என்று யாரும் கவலைப்படவில்லை. கம்ப்யூட்டர் சில்லுக்குச் செய்த அதிதூய சிலிக்கானின் மிச்சம் மீதியைத்தான் பேனலுக்கும் போட்டார்கள். அந்தக் காலக் கணக்கில் பத்து வருடத்தைத் தாண்டிய எண்கள் வந்தன.

2004-ல் அமெரிக்க எரிசக்தித் துறை பொதுமக்களுக்குச் சொன்ன கணக்கு: மாடிக்கூரைச் சிலிக்கான் அமைப்புக்கு நான்கு வருடம், மெல்லிய படலப் பேனலுக்கு மூன்று வருடம். வருங்காலத்தில் இவை இரண்டாகவும் ஒன்றாகவும் குறையும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். குறைந்தது அதைவிட வேகமாக. அப்போது ஒரு வாட்டுக்கு 16 கிராம் சிலிக்கான் போனது. வேஃபர் கால் மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு. உராய்வுத்தூள் கலந்த குழம்பை ஊற்றிக் கம்பியால் அறுத்தார்கள், பாதி தூளாகப் போகும். இன்று வைரத்தூள் பதித்த கம்பி. வேஃபரின் தடிப்பு 0.15 மில்லிமீட்டருக்கு அருகில் வந்துவிட்டது. திறன் 13, 14 சதவீதத்திலிருந்து 21-ஐத் தாண்டியிருக்கிறது. பொருள் குறைந்து, அதே அளவு பேனலில் வரவு கூடியது. பேச்சு மட்டும் அன்றைய இடத்திலேயே நின்றுவிட்டது.

"வேலூர் வெயிலுக்குப் பேனல் பிச்சுக்கிட்டு ஓடுமே?"

"வேலூரில் மூன்று மாதம் வெயில் காலம், மீதி ஒன்பது மாதம் கடும் வெயில் காலம்" என்று நாமே கிண்டல் பண்ணுகிறோம். ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது.

பேனல் முதுகில் ஒட்டியிருக்கும் 550 வாட் என்ற எண், செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்தது. கத்திரி வெயிலில் நம் ஊரில் காற்றே 41, 42 டிகிரி. பேனலுக்குள் 65 வரை போகும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும். நாற்பது டிகிரிக்கு 14 சதவீதம். உச்சி வெயிலில் 550 வாட் பேனல் 470-ஐத் தாண்டினால் அதுவே பெரிது.

என் நோட்டில் மார்ச் மாதச் சராசரி நாளுக்கு 15 யூனிட், மே மாதத்தில் 13.5. நவம்பர் மழையில் 9. தலை கிறுகிறுக்கும் மாதத்தைவிட மாசி, பங்குனி வெளிச்சத்தில்தான் பேனல் நன்றாக உழைக்கிறது. அதனால் பேனலின் அடியில் காற்று ஓட இடம் விடுங்கள். தகரக் கூரைமேல் ஒட்டினாற்போலப் படுக்க வைத்தால் சூடு இன்னும் ஏறும். சாய்வு தெற்கு பார்த்து 12, 13 டிகிரி போதும். நாம் இருப்பது 13-வது அட்சரேகையை ஒட்டி.

ஜவ்வாது மலைமேல் காவலூரில் தொலைநோக்கி வைத்தார்களே, பழைய வட ஆர்க்காட்டில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது இரவு வானத்துக்காக. பகல் வானத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

"ஒரு ஓரமா நிழல் விழுந்தா என்ன ஆகிடும்?"

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பேனல் மாட்ட வந்தவர்கள் ஐந்தை நேராக வைத்துவிட்டு, ஆறாவதை மாடிப்படி அறையின் பக்கத்தில் நிறுத்தினார்கள். மதியம் இரண்டேகால் மணிக்கு அந்த அறையின் நிழல் மெல்ல வந்து ஆறாவது பேனலின் கீழ் விளிம்பைத் தொட்டது. "ரெண்டு மணிக்கு மேல வெயில் எங்க சார் இருக்கு?" என்றார் மேஸ்திரி. தை மாதம். இரண்டரை மணிக்கு இன்வெர்ட்டர் 1.75 கிலோவாட் காட்டியது. நிழல் ஒரு முழம்கூட இல்லை, பேனல் ஒன்றே காணாமல் போனதுபோல் ஆகிவிட்டது.

காரணம் இதுதான். பேனலுக்குள் செல்கள் மாலைபோல வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒரு செல் இருட்டினால் அந்த வரிசை முழுவதும் திணறும். அதற்காகப் பின்னால் உள்ள பெட்டியில் மூன்று பைபாஸ் டையோடு வைத்திருப்பார்கள். நிழல் பட்ட மூன்றில் ஒரு பகுதியை அது ஒதுக்கிவிட்டு மீதியை ஓட விடும். நிழல் கீழ் விளிம்பு முழுக்கப் படுத்தால் மூன்று பகுதியும் மாட்டிக்கொள்ளும். இரண்டு பாதியாகப் பிரித்த புது வகைப் பேனல் கொஞ்சம் தப்பிக்கும்.

மூன்று முறை போன் செய்து, கடைசியில் வேறொரு ஆளைப் பிடித்து ஆறாவது பேனலை வடக்குப் பக்கம் நகர்த்தினேன். அடுத்த வாரம் அதே இரண்டரை மணிக்கு 2.1 கிலோவாட். நகர்த்தாமல் விட்டிருந்தால் அந்த ஒரு பேனல் தன் கடனை அடைக்க எத்தனை மாதம் கூடுதலாக எடுத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

மாட்டும் முன் ஒரு ஞாயிறு முழுக்க மாடியில் சாக்பீஸோடு நில்லுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை நிழலின் விளிம்பில் கோடு போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் செய்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் சூரியன் தெற்கே தாழ்ந்து நிழல் நீளமாக விழும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, டிஷ் ஆண்டெனா எல்லாம் அதில் மாட்டும்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்?"

மழை பெய்யும் மாதங்களில் வேண்டாம். மற்ற மாதங்களில் எங்கள் தெருவுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். ஜல்லி கிரஷர் லாரி போகும் சாலை ஓரம், அரிசி ஆலைச் சாம்பல் பறக்கும் இடம், செங்கல் சூளைப் பக்கம் என்றால் வாரம் ஒரு முறை. தூசியைவிடக் காக்கை எச்சம் மோசம். அது குட்டி நிழல். கண்ணில் பட்டதும் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

விடியற்காலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடிமேல் மதியம் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்த் தண்ணீரையும் தவிர்க்கப் பாருங்கள். பாலாற்றுப் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு உங்கள் வீட்டுப் பக்கெட் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது கண்ணாடியிலும் படியும், பிறகு சுரண்டினாலும் போகாது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு வாளி எடுத்து வையுங்கள். சோப்புத்தூள் வேண்டாம்.

"கரண்ட் போனா சோலார் ஓடுமா?"

ஓடாது. ஈ.பி. லைனோடு இணைத்த இன்வெர்ட்டர், லைன் செத்த உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன்மேல் நம் மாடி மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் அன்றைய வெயிலில் பெரும் பகுதி வீண். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் என்றால் சுமார் 3 சதவீதம். கடன் அடையும் நாள் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

"பேட்டரி வைச்சா?"

நிற்காமல் ஓடும், ஆனால் கடன் கூடும். ஈய-அமில பேட்டரியில் போடும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வராது. நம் ஊர்ச் சூட்டில் நாலைந்து வருடத்தில் மாற்றவும் வேண்டும். பேனலின் ஆயுளில் ஐந்து செட். பேனல் ஒரு தடவை கடன்பட்டு ஒரு தடவை அடைக்கிறது. பேட்டரி திரும்பத் திரும்பக் கடன் வாங்குகிறது. லித்தியம் பேட்டரி இதில் எவ்வளவோ மேல். தினமும் நான்கு மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் நானே பேட்டரியைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது, லைனுக்கு நாம் அனுப்புவதையும் அதிலிருந்து எடுப்பதையும் கழித்துக் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டர் போதும்.

"அணைக்கட்டுல நமக்கு ஒரு கிணறு இருக்கு. சோலார் மோட்டார் போட்டா இதே கணக்குதானே?"

வேலூர் பக்கத்தில் அணைக்கட்டு என்ற ஊரில் நிலம் வைத்திருக்கும் என் மைத்துனர் கேட்டது. இதே கணக்கு இல்லை, மாமா.

மாடிப் பேனல் நாம் ஊரில் இல்லாத நாளிலும் லைனுக்கு மின்சாரம் அனுப்பும். கிணற்றுமேட்டுப் பேனல் தனி ஆள். மோட்டார் ஓடினால்தான் அதன் வெயில் வரவில் சேரும். நம் பக்கத்துத் திறந்த கிணறுகளின் சங்கதி தெரியுமே: ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தளும்பும், வயலும் நனைந்திருப்பதால் மோட்டாருக்கு வேலை இல்லை. சித்திரையில் வெயில் கொளுத்தும். கிணற்றில் ஒரு மணி நேரம் இறைத்தால் அடி தெரிந்து, ஊற்று சேரக் காத்துக் கிடக்க வேண்டும். வருடத்தில் 150 நாள்தான் முழுசாக ஓடுகிறது என்றால் ஒரு வருடக் கடன் இரண்டரை வருடமாகிறது. அப்போதும் 25 வருட ஆயுளில் அது சின்னத் தொகைதான். டீசல் இன்ஜினோடு ஒப்பிட்டால் யோசிக்கவே வேண்டாம். ஆனாலும் மீதி நாள் வெயிலைத் தீவன வெட்டிக்கோ மாவு எந்திரத்துக்கோ திருப்பிவிடும் வகைக் கண்ட்ரோலர் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கச் சொன்னேன். இரண்டு எருமை வைத்திருக்கிறார், உதவும்.

"எல்லாம் சீனாக்காரன் நிலக்கரியை எரிச்சுச் செஞ்சதுதானே? அப்புறம் என்ன சுத்தம்?"

சிலிக்கானைத் தூய்மையாக்கும் வேலையின் பெரும்பங்கு சீனாவில்தான், அங்கே நிலக்கரி மின்சாரம் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் இங்கே என் பேனல் ஓரங்கட்டுவதும் நிலக்கரி மின்சாரத்தைத்தான். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு. பேனல் வருடத்துக்கு 800 யூனிட் தந்தால் 560 கிலோ மிச்சம். அதைச் செய்தபோது வெளிவந்த புகை இந்த வேகத்தில் ஒரு வருடத்தை ஒட்டி ஈடாகிவிடும். பிறந்ததிலிருந்து கழிப்பது வரை பார்த்தால் சோலாரில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 40 கிராம்; நிலக்கரியில் 900-க்கு மேல்.

"நம்ம ஊர்ல செய்றதில்லையா?"

செய்கிறார்கள். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் டாடா பவர், சோலார் செல்லும் பேனலும் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறந்தார்கள், வருடத்துக்கு 3.3 கிகாவாட். அங்கே செய்வது சிலிக்கான் இல்லாத, கண்ணாடிமேல் காட்மியம் டெல்லூரைடு பூசும் மெல்லிய படல வகை. படிகம் இழுக்கும் வேலையே இல்லாததால் அதன் கடன் இன்னும் சின்னது. பெரிய மின்பூங்காக்களுக்குத்தான் அது போகிறது. வீட்டுக் கடைகளில் பார்ப்பது அரிது.

"சரி, போட்ட பணம் எப்போ வரும்?"

அது வேறு கணக்கு, இரண்டையும் குழப்பாதீர்கள். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். எங்கள் வீட்டில் ஐந்து வருடத்துக்குள் வந்துவிடும் போலிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசத்துக்குள்ளேயே பில் முடிகிற வீட்டுக்குப் பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். மின்சாரக் கடனோ அந்த வீட்டிலும் அதே ஒரு வருடத்தில் அடையும்.

"25 வருஷம் கழிச்சு இந்தக் குப்பையை என்ன பண்றது?"

25 வருடத்தில் நின்றுவிடாது. வருடத்துக்கு அரை சதவீதம்போலத் தேயும். அப்போதும் புதிதில் தந்ததில் 85 சதவீதத்துக்கு மேல் தந்துகொண்டிருக்கும். அதுவரை ஒரு பேனல் தந்தது 18,000 யூனிட்டைத் தாண்டியிருக்கும். அதற்குள் இன்வெர்ட்டர் ஒரு முறையாவது மாறும். கழிக்கும்போது அலுமினியமும் செப்பும் பழைய இரும்புக் கடையிலேயே விலை போகும். ஆனால் பேனலை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது.

"பழைய பேனல் சல்லிசா வருது சார், வாங்கலாமா?"

மின்சாரக் கணக்குப்படி இதைவிடச் சிக்கனம் கிடையாது. செய்த கடனை முதல் சொந்தக்காரர் மாடியிலேயே அது அடைத்துவிட்டது. ஆனால் பார்த்து வாங்குங்கள். திருப்பிப் போட்டு முதுகுத்தாளில் வெடிப்பு இருக்கிறதா, பெட்டி கருகியிருக்கிறதா பாருங்கள். முன்பக்கம் நத்தை ஊர்ந்த மாதிரிக் கோடு தெரிந்தால் செல்லில் கீறல் இருக்கலாம். கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் மீட்டர் வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள். நண்பகல் வெயிலில் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 250 வாட் பழைய பேனல் என்றால் சூட்டிலும் 32, 33 வோல்ட் வர வேண்டும், டி.சி. கிளாம்ப் மீட்டரில் ஷார்ட் செய்து பார்த்தால் 8 ஆம்பியரை ஒட்டிக் காட்ட வேண்டும். வோல்ட் 22-லேயே நின்றால் மூன்றில் ஒரு பகுதி போய்விட்டது என்று அர்த்தம். கால் விலைக்குக் கொடுத்தாலும் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.